பழைய வீடியோக் கசற்றுகளைக் கொம்பியூட்டரில ஏத்த எந்தக் கிராபிக்ஸ் கார்ட் நல்லம்?

கரடிப்போக்குப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில சின்னதா ஒரு ஸ்ரூடியோ தொடங்கியிருக்கிறன். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு ஓடுது. இப்ப கொஞ்ச நாளா சனம் பழைய வீடியோக் கசற்றுகளையும் பையில போட்டுக்கொண்டு வருது, "தம்பி, இதைப் பென்னில ஏத்தித் தரேலுமோ" எண்டு. பெரிய விஎச்எஸ் கசற்றும் இருக்கு, சின்ன மினிடிவியும் இருக்கு. அதில பாதிக்கு மேல கனடாவிலயும் பிரான்ஸிலயும் இருந்து சொந்தக்காரர் திருப்பிக் கொண்டுவந்து குடுத்த கொப்பியள்.

என்னட்ட இருக்கிற மெசின்: ஐ5-12400எஃப், 16 ஜிபி ராம், ஜிடி 1030 கார்ட், 450 வாட் பவர் சப்ளை. ரவுணில ஒரு கடையில கேட்டன். கசற் ஏத்துறதெண்டால் பெரிய கிராபிக்ஸ் கார்ட் போடவேணும், ஆர்டிஎக்ஸ் 3060 எடுத்தால்தான் படம் கிளியரா வரும் எண்டு சொல்லிச்சினம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லைவ் குடுக்கிற யோசினையும் இருக்கு. எந்தக் கார்ட் வாங்கட்டும்? ரெண்டு தரம் வாங்கிற வசதி என்னட்ட இல்லை.

முறிகண்டிக் கச்சான்:
3060 எடு மச்சான். 12 ஜிபி. கனக்க யோசிக்காத.

அக்கராயன்:
தம்பி, காசைக் குடுக்க முதல் இதை ஒருக்கா வடிவா வாசியும்.

கடையில ரெண்டு வேலையை ஒண்டாக் குழப்பிப் போட்டினம். கசற்றில இருக்கிறது அனலொக் சிக்னல். அதை இலக்கமா மாத்திறது ஒரு வேலை, அதுதான் கப்சர். மாத்தி முடிஞ்ச பைலைச் சுருக்கிறது, வெட்டி ஒட்டுறது, லைவ்வில அனுப்பிறது மற்ற வேலை. கிராபிக்ஸ் கார்ட் உதவுறது ரெண்டாவதுக்கு மட்டும்தான். 3060 இன்ர பின்பக்கத்தைத் திருப்பிப் பாரும். எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கு, டிஸ்பிளேபோட் இருக்கு, எல்லாம் வெளிய போற வழி. உள்ள வாற வழி ஒண்டும் இல்லை. டெக்கில இருந்து படம் வாற மஞ்சள் வயரை எங்க குத்தப் போறீர்?

விஎச்எஸ் இலங்கையில பால் (PAL) எண்ட ரீவி முறை. படத்தில 576 வரி, செக்கனுக்கு 25 பிரேம். அதை 720க்கு 576 இல சுருக்காமல் அப்படியே எழுதினால் ஒரு மணித்தியாலத்துக்கு 75 ஜிபி அளவில வரும். ஹவ்யுவ், எஃப்எஃப்வி1 மாதிரி இழப்பில்லாத கோடெக்கில, அதாவது படம் கெடாமல் சுருக்கிற முறையில, எழுதினால் அதில பாதிக்கும் கீழ. இதை இண்டைக்கு இருக்கிற எந்தக் கொம்பியூட்டரும் நித்திரையில செய்யும். உம்மட மெசின் இப்ப இருக்கிற நிலையில கப்சருக்குக் காணும். படம் கிளியரா வாறது மூண்டு சாமானில தங்கியிருக்கு: டெக், ரேப்பை வாசிக்கிற டெக்கின்ர ஹெட், டெக்குக்கும் கொம்பியூட்டருக்கும் இடையில இருக்கிற கப்சர் பெட்டி.

வவுனிக்குளத்தான்:
உள்ள வாற வழி இல்லையெண்டு அண்ணை சொல்லுறார், அது இந்தக் காலத்துக் கார்ட்டுக்கு. ஏடிஐ ஓல்-இன்-வொண்டரைத் தெரியாதோ? 1996 இல இருந்து வந்த கார்ட். கிராபிக்ஸ், டிவி டியூனர், எஸ்-வீடியோ (மஞ்சள் வயரை விடத் தெளிவான இணைப்பு), மஞ்சள் வயர் எல்லாம் ஒரே கார்ட்டில. என்னட்ட 9600 ஒண்டு பென்ரியம் 4 இல இப்பவும் ஓடுது, எக்ஸ்பியில. அந்தப் படத்தை இப்பத்த யூஎஸ்பி குச்சியள் கிட்டவும் வராது. தம்பி பழைய சாமான் தேடிப் பாக்கட்டும்.

அக்கராயன்:
ஓல்-இன்-வொண்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உம்மட 9600, ஏஜிபி எண்ட பழைய சொக்கற்றில குத்திற கார்ட். தம்பியின்ர போட்டில ஏஜிபி சொக்கற் எங்க? டிரைவரும் எக்ஸ்பி காலத்தோட நிண்டு போச்சு. 2006 இல ஏஎம்டி ஏடிஐயை வாங்கிச்சுது, அதுக்குப் பிறகு கொஞ்சக் காலத்தில அந்த வரிசையையே விட்டுட்டினம். உம்மட்ட ஓடுற மெசின் இருக்கு, வைச்சுப் பாவியும். புதுசா தொழில் தொடங்கிற ஆளை 20 வருசப் பழைய போட்டைத் தேடி அலையவிடாதையும். அந்த போட்டில கப்பாசிற்றர் வீங்கினால் தம்பிக்கு ஆர் மாத்திக் குடுக்கிறது?

வவுனிக்குளத்தான்:
கப்பாசிற்றர் நான் மாத்திக் குடுப்பன் 😀 சரி, விடுவம். ஆனால் ஈசிகப் எண்டு விக்கிற மலிவு யூஎஸ்பி கப்சர் குச்சியை மட்டும் வாங்கச் சொல்லாதேங்கோ.

நெடுங்கேணி மருமகள்:
வவுனியாவில ஒரு ஸ்ரூடியோவில எடிட்டிங் செய்யுறன். ஈசிகப்பைப் பற்றி ஒரு சொல். வெளியில கோது ஒரே மாதிரித்தான். உள்ளுக்குள்ள சிப் எஸ்டிகே1160 ஆ இருக்கலாம், எம்பியா 2860 ஆ இருக்கலாம், சோமேஜிக், யூடிவி007 எண்டும் வரும். பெட்டியைப் பாத்துக் கண்டுபிடிக்கேலாது. குத்திப்போட்டு டிவைஸ் மனேஜரில பேர் பாக்கவேணும். அதால ஒராள் "நல்ல சாமான்" எண்டுறார், மற்றாள் "குப்பை" எண்டுறார். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. ஹோப்பேஜ் யூஎஸ்பி-லைவ்2 மாதிரிப் பேர் தெரிஞ்ச பெட்டி கிடைச்சால் அதை எடுங்கோ, விலை கூடத்தான்.

எந்தப் பெட்டி எண்டாலும் லைவ் குடுக்கிற ஓபிஎஸ் சொப்ற்வெயரால கசற் ஏத்தாதேங்கோ. கசற் படம் இன்ரர்லேஸ், ஒரு செக்கனில 50 பாதிப் படம். ஓபிஎஸ் அதைத் தன்ர பாட்டில பிசைஞ்சு போடும். பிறகு மணப்பெண் கையை ஆட்டினால் விரலில சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடா நிக்கும், ஒண்டும் செய்யேலாது. வேர்ச்சுவல்டப்2 எண்ட கப்சர் சொப்ற்வெயரில 720க்கு 576, கலர் முறை வையூவை2 (YUY2), இழப்பில்லாத கோடெக் எண்டு வையுங்கோ. இன்ரர்லேஸ் எடுக்கிறதைப் பிறகு க்யூடிஜிஎம்சி எண்ட பில்ரரால செய்யுங்கோ. அது சிபியூவைத்தான் தின்னும், கார்ட்டை இல்லை. ஏத்தேக்க கீழ டிரொப்ட் பிரேம் (தவறிப்போன பிரேம்) எண்டு ஒரு இலக்கம் ஓடும், அது ஏறிக்கொண்டே போனால் நிப்பாட்டிப்போட்டு யூஎஸ்பி ஹப்பைக் கழட்டி நேரா போட்டில குத்துங்கோ.

கரடிப்போக்குப் பொடியன்:
நன்றி அண்ணை, அக்கா. அப்ப கார்ட் இப்ப வேண்டாம் எண்டு விளங்குது. ஆனால் ஒரு விசயம். ஒரு அம்மா கொண்டுவந்த கலியாண வீடியோ, 98 இல மல்லாவியில ஜெனரேற்றர் போட்டு எடுத்ததாம். அவையின்ர கொப்பி 2009 இல எல்லாச் சாமானோடயும் போட்டுது. இது தமையன் ரொறன்ரோவில வைச்சிருந்தது. ஆரிட்டயோ இரவல் வாங்கின டெக்கில போட்டால் ரீவியில படம் வருது, கலரும் வருது. அதே வயரை அதே யூஎஸ்பி குச்சியில குத்தினால் கறுப்பு வெள்ளை, அதுவும் உருளுது. வேற கசற் நல்லா ஏறுது. கசற் பழுதோ?

நெடுங்கேணி மருமகள்:
கசற்றில பிழையில்லைத் தம்பி. அந்த அண்ணை கனடாவில பாக்கிறதுக்காக அதை அங்கத்த ரீவி முறையான என்டிஎஸ்சியா மாத்திக் கொப்பி எடுத்திருப்பார். அங்க 525 வரி, 29.97 பிரேம். இஞ்சத்த டெக் அதை ஓட்டேக்க அரைகுறையா மாத்தி பால்-60 எண்டு ஒரு கலப்பாத் தள்ளும். 60 ஹேர்ட்ஸ், ஆனால் கலர் மட்டும் பால் முறையில. ரீவி அதைச் சமாளிக்கும். மலிவுக் குச்சியள் கனக்கச் சமாளிக்காது. டெக்கின்ர பின்பக்கத்தில இல்லாட்டி மெனுவில "என்டிஎஸ்சி 4.43", "என்டிஎஸ்சி 3.58" எண்டு ஆழி இருக்கோ எண்டு பாருங்கோ. 3.58, அதாவது அசல் என்டிஎஸ்சி, குடுக்கிற மல்ரி சிஸ்ரம் (பல முறையும் ஓட்டுற) டெக் எண்டால் கப்சரையும் என்டிஎஸ்சி, 720க்கு 480 எண்டு மாத்திப்போட்டு ஏத்துங்கோ. பழையபடி 576க்கு இழுக்காதேங்கோ, ஏற்கெனவே ஒருக்கா மாத்தின படம்.

லாச்சப்பல் தம்பி:
பிரான்ஸில இருந்து. இஞ்சத்த கொப்பியளில வேற கூத்து இருக்கு. பழைய பிரெஞ்சு டெக்கில எடுத்ததெண்டால் இஞ்சத்த பழைய ரீவி முறையான சீகாமா இருக்கும். அதுவும் 625 வரி, 50 ஹேர்ட்ஸ்தான். அதால படம் உருளாது, கலர் மட்டும் வராது. டெக் சீகாமை ஓட்டுமெண்டால் கப்சரிலயும் சீகாம் எண்டு மாத்திப் பாருங்கோ. டெக்கிலயோ பெட்டியிலயோ அது இல்லாட்டி எனக்கு எழுதுங்கோ, என்னட்ட டெக் இருக்கு. கசற்றை ஆரும் வாற ஆக்களிட்டக் குடுத்துவிட்டால் நான் ஏத்தி ஹாட் டிஸ்கில போட்டு அனுப்புறன். தபாலில மட்டும் போடவேண்டாம்.

அக்கராயன்:
கசற்றைப் பற்றி மருமகள் சொல்லிப்போட்டா, டெக்கைப் பற்றி நான் சொல்லுறன்.

கசற்றை உள்ள தள்ள முதல் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளால வெளிச்சத்தில பிடிச்சுப் பாரும். ரேப் சுத்தின விளிம்பில வெள்ளையா மா தூவின மாதிரி இருந்தால் பூஞ்சணம். அதை அப்படியே போட்டால் ஹெட்டில ஒட்டி, அடுத்து வாற நல்ல கசற்றுக்கும் தொத்தும். எங்கட பக்கத்தில கசற்றுகள் நல்லா இருக்க என்ன நியாயம்? சாக்குக்குள்ள, மண்ணுக்குள்ள, தறப்பாளுக்குக் கீழ கிடந்து வந்ததுகள். பூஞ்சணக் கசற்றுக்கெண்டு ஒரு பழைய டெக்கை வேறயா வைச்சிரும். நல்ல டெக்கில அதைத் தொடவே வேண்டாம். கன காலம் ஓடாமல் இருந்த கசற்றை ஒருக்கா முடிவு வரைக்கும் ஓட்டி, திரும்பச் சுத்தி, அதுக்குப் பிறகு ஏத்தும்.

ஹெட் துடைக்கிறது: மூடியைக் கழட்டினால் வெள்ளி நிறத்தில சரிஞ்சு நிக்கிற உருளை. ஐசோபுரொப்பைல் அல்ககோலில மான்தோல் துண்டை, அது இல்லாட்டி வழுவழுப்பான தடிச்ச பேப்பரை நனைச்சு, உருளையில மெல்லமா வைச்சுப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால உருளையை மேல்பக்கத்தில பிடிச்சுச் சுத்தவேணும். பேப்பர் அசையக்கூடாது, உருளைதான் சுத்தவேணும். மேலும் கீழும் தேச்சால் ஹெட் உடைஞ்சுது. காதுக் குச்சி கூடவே கூடாது, பஞ்சு நூல் ஹெட்டில கொழுவி இழுக்கும். கரண்டைக் கழட்டிப்போட்டுச் செய்யும்.

எஸ்-வீடியோ டெக் தேடி அலையவேண்டாம். சாதாரண விஎச்எஸ் டெக் கனக்க மஞ்சள் வயர்தான் குடுக்கும், எஸ்-விஎச்எஸ் டெக்கிலதான் மற்றது. படத்தின்ர மேல் பக்கம் கொடி மாதிரி வளைஞ்சு ஆடினால் டெக்குக்கும் பெட்டிக்கும் இடையில ஒரு பழைய பனசோனிக் டிவிடி ரெக்கோடர் போட்டுப் பாரும். டிஎம்ஆர்-ஈஎஸ்10 அதுக்குப் பேர் பெற்றது. டிஸ்க் எழுதாட்டியும் பரவாயில்லை, சிக்னல் அதுக்குள்ளால போய் வந்தால் காணும், வரியளை நிமித்தி விடும். டிஸ்க் எழுதாததெண்டு சொல்லித்தான் மலிவா விப்பினம்.

வவுனிக்குளத்தான்:
ஈஎஸ்10 விசயம் உண்மை. என்ர ஓல்-இன்-வொண்டருக்கு முன்னாலயும் அதுதான் நிக்குது.

கரடிப்போக்குப் பொடியன்:
மினிடிவிக்கும் இதே வழியோ? மினிடிவிக் கமராவில இருக்கிற பயர்வயர் ஓட்டையை யூஎஸ்பியில கொழுவ எண்டு ஒன்லைனில வயர் ஒண்டு சரியான மலிவாக் கிடக்கு. அதை வாங்கட்டோ?

அக்கராயன்:
வாங்காதையும்! அது வெறும் கம்பி. ஒரு பக்கம் யூஎஸ்பி, மற்றப் பக்கம் பயர்வயர், நடுவில ஒண்டும் இல்லை. ரெண்டும் வேற வேற பாசை பேசிற சாதி. வேலை செய்யாது, கமராவையும் கெடுத்துப்போடலாம்.

மினிடிவியில இருக்கிறது ஏற்கெனவே இலக்கம். அதில கப்சர் எண்டு ஒண்டும் இல்லை, பைலைக் கொப்பி பண்ணுற மாதிரித்தான். மணித்தியாலத்துக்கு 13 ஜிபி. பிசிஐ எக்ஸ்பிரஸில குத்திற பயர்வயர் கார்ட் ஒண்டு வாங்கும், விஐஏ சிப் எண்டாலும் டெக்சாஸ் இன்ஸ்ருமென்ஸ் எண்டாலும் சரி. விண்டோஸில மைக்ரோசொப்ரின்ர பழைய 1394 லெகசி டிரைவரைப் போட்டு, விண்டிவி எண்ட சொப்ற்வெயரால எடும். விண்டோஸ் மல்லுக்கு நிண்டால் லினக்ஸ் ஒண்டைப் போட்டு டிவிகிராப்பால எடும். லினக்ஸ்காரர் 2029 வரைக்கும் பயர்வயரைப் பாத்துக்கொள்ளுறம் எண்டு சொல்லியிருக்கினம். ஒண்டு கவனம், ஆறு பின் பிளக்கைத் தலைகீழா அமத்திக் குத்தினால் 12 வோல்ட் அளவில கமராவின்ர சிப்புக்குள்ள போகும், அதோட கமரா முடிஞ்சுது.

மினிடிவியை மஞ்சள் வயரால யூஎஸ்பி குச்சிக்கு எடுக்கிற ஸ்ரூடியோக்கள் இருக்கு. நல்ல பாலுக்குள்ள தண்ணி விடுற வேலை அது.

முறிகண்டிக் கச்சான்:
எல்லாம் சரி. 3060 க்கு என்ன குறை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. லைவ் குடுக்கக் கார்ட் வேணும்தானே? 4கேயில எடிட் பண்ண வேணும்தானே?

நெடுங்கேணி மருமகள்:
வேணும். கார்ட் கதை இஞ்சதான் தொடங்குது.

தம்பி, உங்கட ஜிடி 1030 இல வீடியோ என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கிற பகுதி, இல்லை. என்விடியா 2012 இல கெப்ளர் தலைமுறைக் கார்ட்டுகளோட என்வென்க் எண்ட என்கோடரைக் கொண்டுவந்தது. ஆனால் 1030 க்கு அதைக் குடுக்கேல்லை. அதே மாதிரி ஏஎம்டியின்ர ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி ரெண்டிலயும் என்கோடர் இல்லை. "புதுக் கார்ட், விலை குறைவு" எண்டு ஆரும் காட்டினால் ஏமாறாதேங்கோ. ஜிடிஎக்ஸ் 1650 இல இருக்கு, ஆனால் பழைய தலைமுறை என்கோடர். 1650 சூப்பரிலதான் டியூரிங் எண்ட புதுத் தலைமுறை என்கோடர்.

உங்கட 450 வாட் பவர் சப்ளைக்கு எண்டால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட்தான், தனி பவர் வயர் தேவையில்லை, போட்டில குத்தினால் சரி. பெட்டியை வடிவா வாசியுங்கோ, 8 ஜிபி 3050 எண்டும் ஒண்டு இருக்கு, அது 130 வாட், வயர் கேக்கும். 3060 க்கு 170 வாட். கச்சான் அண்ணை சொல்லுறது கெட்ட கார்ட் இல்லை. ஆனால் அதைப் போட்டால் பவர் சப்ளையையும் யோசிக்கவேணும், யூபிஎஸ்ஸையும் பெருப்பிக்கவேணும்.

எனக்கெண்டால் இன்னொரு எண்ணம். உங்கட சிபியூவில அந்த "எஃப்" இல்லாமல் இருந்திருந்தால் உள்ளுக்க இன்டெல் கிராபிக்ஸ் இருந்திருக்கும், அதோட குயிக் சிங்க் எண்ட, வீடியோவைச் சுருக்கிற, விரிக்கிற பகுதியும். அது சும்மா இல்லை. இப்பத்த சொனி கமராக்கள் 4:2:2, 10 பிட் எச்265 இல எழுதும், அதை எடிட்டிங்கில சிக்காமல் ஓட்டுறது இன்டெல் 11 ஆம் தலைமுறையில இருந்து ஏலும். என்விடியாவில அது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான் வந்தது. 12400எஃப் ஐக் குடுத்து, மேல கொஞ்சக் காசு போட்டு 12400 மாத்தேலுமெண்டால் புதுக் கார்ட்டை விடக் குறைவில வேலை முடியும்.

முறிகண்டிக் கச்சான்:
சிபியூ மாத்துறது ஒரு வைத்தியம். 3டி, கலர் கிரேடிங் எல்லாம் குயிக் சிங் செய்யாது அக்கா. அதுக்கு விராம் (கார்ட்டின்ர தனி மெமரி) உள்ள கார்ட்தான் வேணும். அதோட இப்ப எல்லாரும் பழைய வீடியோவை ஏஐ போட்டு 4கே ஆக்கித் தரச் சொல்லுகினம். அதுக்குக் கார்ட் பெருக்கப் பெருக்க நல்லம்.

நெடுங்கேணி மருமகள்:
கலர் கிரேடிங்குக்குக் கார்ட் வேணும் எண்டதை ஒப்புக்கொள்ளுறன்.

ஏஐ பற்றி ஒரு கதை. ஒரு ஆச்சியின்ர கலியாண வீடியோவை மகன் எங்கயோ குடுத்து 4கே ஆக்கிக் கொண்டுவந்தவர். தாலி கட்டேக்க கிட்டவா வாற முகம், தோல் மினுங்குது, கண் இமை ஒவ்வொண்டாத் தெரியுது. ஆச்சி கன நேரம் பாத்துப்போட்டு, "உது ஆரடா பிள்ளை?" எண்டு கேட்டா. விஎச்எஸ்ஸில ஒரு முகத்துக்கு இருக்கிற புள்ளி கொஞ்சம்தான், மிச்சத்தை அது தானா இட்டுக்கட்டும். கேக்கிற ஆக்களுக்குச் செய்து குடுங்கோ, காசும் வரும். ஆனால் ஏத்தின அசல் பைலையும் சேத்துக் குடுங்கோ.

அக்கராயன்:
பழைய கார்ட் வாங்கிற யோசினை வந்தால் ஒரு எச்சரிக்கை. 2022 செப்ரம்பரில எதீரியம் எண்ட கிரிப்ரோக் காசு மைனிங்கை விட்ட கையோட, மைனிங்கில கிடந்த கார்ட்டுகள் சந்தைக்குக் கூட்டமா வந்தது. எல்லாம் பழுதில்லை, ஆனால் பேன் தேஞ்சு இருக்கும். அதை விட மோசம் போலிக் கார்ட். ஜிடிஎஸ் 450 சிப்பில பயோஸை மாத்தி எழுதி "1050 டிஐ" எண்டு வித்த காலம் ஒண்டு இருக்கு. விண்டோஸும் அந்தப் பேரைத்தான் காட்டும். கார்ட்டைச் சோதிக்கிற ஜிபியூ-இசட் சொப்ற்வெயரைத் திறந்தால் "போலி" எண்டு எழுதிக் காட்டும். காசு குடுக்க முதல் அங்கயே திறந்து பாரும், வெக்கப்படாதையும்.

லாச்சப்பல் தம்பி:
லைவ் பற்றி: கமராவின்ர எச்டிஎம்ஐயை எடுக்க மலிவு யூஎஸ்பி குச்சி காணும். எம்எஸ்2109 சிப் தான் கனக்க. நீலப் பிளாஸ்ரிக் போட்டு யூஎஸ்பி 3 எண்டு விப்பினம், உள்ள யூஎஸ்பி 2. 4கே எண்டும் எழுதியிருக்கும், குடுக்கிறது 1080பி 30 தான். லைவ்வுக்கு அது தாராளம். நாங்கள் இஞ்ச ரெலிபோனிலதானே பாக்கிறம்.

தம்பி, வற்றாப்பளையில பொங்கலண்டு அவ்வளவு சனமும் ஒரே கோபுரத்தில தொங்கும். 4ஜியில மேல ஏத்திற வேகம் விழும். 1080 எண்டு அடம்பிடிக்காமல் 720பி, 2500 கேபிபிஎஸ்ஸில விடுங்கோ. போன முறை ஆரோ குடுத்த லைவ் பண்டமெடுத்து வாற நேரம் பாத்து நிண்டு போச்சு, இஞ்ச வீட்டில எல்லாரும் என்னைப் பேசினவை, நான் ஏதோ வயரைப் பிடுங்கின மாதிரி.

அக்கராயன்:
720பி எண்டால் உம்மட 12400எஃப் ஆறு கோரிலயே, சிபியூவால படத்தைச் சுருக்கிற எக்ஸ்264 "வெரி பாஸ்ற்"றில ஓடும். கார்ட் இல்லாமலே இந்தப் பொங்கலைச் சமாளிக்கலாம். பதியிறது எம்கேவியில பதியும், எம்பி4 வேண்டாம். கரண்ட் நிண்டால் எம்பி4 பைல் திறக்காது, எம்கேவியில அந்த நேரம் வரைக்கும் பதிஞ்சது மிஞ்சும்.

கரடிப்போக்குப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. இப்பிடி நினைச்சிருக்கிறன்: முதல்ல மல்ரி சிஸ்ரம் டெக், நல்ல கப்சர் பெட்டி, பயர்வயர் கார்ட், 4 ரிபி ஹாட் டிஸ்க் ஒண்டு, யூபிஎஸ். சிபியூவை எஃப் இல்லாததா மாத்த விலை விசாரிக்கிறன். சரிவராட்டி 3050, 6 ஜிபி. அது கலியாண சீசன் காசு வந்த பிறகு. 3060 இப்போதைக்கு இல்லை, கச்சான் அண்ணை கோவிக்கக்கூடாது.

டெக் எங்க தேடுறது? ஒன்லைனில போடுற விலை சரியான கூட.

முறிகண்டிக் கச்சான்:
கோவம் ஒண்டுமில்லை. என்ர மாமா வீட்டில பனசோனிக் டெக் ஒண்டு பரண்ல கிடக்கு, முன்னுக்கு என்டிஎஸ்சி எண்டு எழுதியிருக்கு. ஓடுதோ தெரியாது. எடுத்து வைக்கிறன்.

அக்கராயன்:
அதை நேர கரண்டில குத்திப் பாக்கவேண்டாம் எண்டு மாமாவிட்டச் சொல்லும். பரணில கிடந்தால் எலி வயரைக் கடிச்சிருக்கும், பெல்ட்டும் இளகியிருக்கும். பரந்தன் சந்திக்குக் கொண்டுவாரும், நான் கழட்டிப் பாத்துத் தாறன். தம்பியும் அண்டைக்கு வரட்டும், ஹெட் துடைக்கிறதைக் கையில காட்டிவிடலாம். ரொறன்ரோக் கசற்றையும் கொண்டுவாரும், 3.58 குடுக்குதோ எண்டு அங்கயே பாப்பம்.